வட்டமாக வெட்டிய மூலை

காலில் கட்டுப் போட்டவர்களுக்குச் செருப்பு வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாடு. கட்டுப் போட்ட காலுக்கு ஒன்பதாம் அளவு வேண்டும், மற்ற காலுக்கு ஆறு. ஜோடியைப் பிரித்துத் தரக் கடைக்காரர் சம்மதிக்க மாட்டார். இரண்டு ஜோடி வாங்கினால் ஒவ்வொன்றிலும் ஒரு செருப்பு வீணாக மீந்து நிற்கும். எங்கள் வீட்டு வாசலில் மூன்று வருஷமாக அக்காவின் செருப்புகள் அப்படித்தான் கிடந்தன. "வீட்டுல நாலு பேர் இருக்காங்கன்னு நெனச்சுத் திருடன் அப்படியே திரும்பிப் போயிடுவான்டி" என்பாள் அக்கா. இருந்தது நாங்கள் இரண்டே பேர்.

நீங்கள் கேட்டது செருப்பைப் பற்றி இல்லை, தெரியும். கேட்டதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். கட்டைப் பிரிக்கும்போது மேல் சுற்றிலிருந்துதான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் தோலும் கூடவே வந்துவிடும். வாக்குமூலம் எழுதி உங்களுக்குக் கை வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கட்டு அறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள் நான். தரைத்தளத்தில் கடைசி அறை. ஒரு மேஜை, இரண்டு முக்காலி, ஜன்னலோரம் கை கழுவும் தொட்டி. அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கால் புண். நின்றே வேலை பார்த்து, ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்கி, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, ஒருநாள் எங்கோ லேசாக இடித்துக்கொண்டதும் திறந்துகொள்ளும் புண். வருஷக்கணக்கில் ஆறாது. என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. கட்டுக்காரம்மா என்றால் வாசல் காவலாளி வரைக்கும் தெரியும். கால் டாக்டர் புது நோயாளிகளிடம், "அந்தம்மா கை பட்டா ஆறாத புண்ணும் ஆறிடும், போங்க" என்று சொல்லி அனுப்புவார். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் என்மேல் ஏன் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

ஆறாத புண்ணில் கிருமி இல்லாமல் இருக்காது. இது வெளியாட்களுக்குப் புரிவதில்லை. கிருமி என்ற வார்த்தையைக் கேட்டதும் பதறிவிடுவார்கள். வாடகைக்கு இருக்கிறவர்கள் மாதிரி அவை பாட்டுக்கு ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகும். பெருகினால்தான் வம்பு. அவை பெருகுவதற்கு வேண்டியது மூன்றுதான்: ஈரம், சூடு, மூடிய இடம். நாள் கடந்த கட்டுக்குள்ளே மூன்றும் தாராளமாகக் கிடைக்கும். புண்ணிலிருந்து கசிவதை உறிஞ்சிக்கொள்ள ஃபோம் வைக்கிறோம். அது தண்ணீர் குடித்த பஞ்சு போல ஊறிய பிறகும் மாற்றாமல் விட்டால் ஓரம் மஞ்சளாகும், அப்புறம் பச்சை. கனிந்து அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை வரும். நோயாளி வாசலில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். "இது கட்டா, கிருமிப் பண்ணையா?" என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். திட்டு வாங்கினவர்கள் அடுத்த முறை ஒழுங்காக வருவார்கள்.

எனக்கு வேலையில் இரண்டு பழக்கங்கள் உண்டு. கட்டி முடித்ததும் மேல் சுற்றில் பேனாவால் தேதியும் நேரமும் எழுதுவேன். ஃபோமைப் புண்ணின் அளவுக்கு வெட்டும்போது நாலு மூலையையும் வட்டமாக வெட்டிவிடுவேன். கூர்மூலை சுருண்டுகொள்ளும். சுருண்டது கட்டின் இறுக்கத்தில் தோலில் அழுந்தி, ஒரு புண்ணுக்கு இரண்டு புண்ணாகும். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி வெட்டுகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை வாரியதும் பால் பல் பிடுங்கியதும் அவள்தான். அவளுக்குக் கல்யாணமாகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் என் தாடையைப் பிடித்து, "அழாதடி குட்டி, வீடு பார்த்ததும் உன்னையும் கூட்டிக்கறேன்" என்றாள். நான் நம்பினேன். என் துணிகளை ஒரு பையில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு வருஷம் அந்தப் பையிலிருந்தே எடுத்து உடுத்தி, துவைத்து, திரும்ப அதிலேயே வைத்தேன். அத்தான் கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் இடம் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் அப்பா படுத்துவிட்டார், அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, எனக்குக் கல்யாணப் பேச்சை எடுக்க யாருமில்லை. அக்காமேல் எனக்கு இதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. அவள் மறந்துவிட்டாள். சின்ன விஷயம், மறக்கத்தான் செய்யும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அத்தான் இறந்ததும் அக்கா ஒரு சூட்கேஸோடு என் வீட்டுக்கு வந்தாள். ஒரே மகன், கடல் தாண்டி வேலை. மகனும் மருமகளும் உடனே கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தார்கள். அவர்கள் இருந்தது ஓர் அறை. "கொஞ்ச நாள் உன்கூட இருக்கேன்டி" என்றாள் அக்கா. துணிக்கடை கவுண்டரில் முப்பது வருஷம் நின்றே விற்றவள் அவள். காலில் நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைத்திருக்கும். எனக்கு அப்போதே தெரியும். மூன்று வருஷம் கழித்துக் குளியலறை வாளியின் விளிம்பில் இடித்துக்கொண்டாள். இடது கால், உட்பக்கம், கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டிலேயே ஒரு கட்டு அறை வந்துவிட்டது.

செவ்வாயும் வெள்ளியும் கட்டு. அந்த நாட்களை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் பத்து மணிக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டு, எதிரே முக்காலியில் மடித்த துண்டின்மேல் அவள் காலை வைப்பேன். பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, காய்ந்த தோலுக்கு எண்ணெய் தடவி, ஃபோம் வைத்து, நாலு அடுக்கு சுற்றுவேன். முதலில் பஞ்சு, அதன்மேல் துணி, அதன்மேல் இறுக்கும் பட்டை, கடைசியில் ஒட்டும் பட்டை. விரலடியிலிருந்து முழங்கால் வரைக்கும். ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரமும் அக்கா எங்கேயும் எழுந்து போக முடியாது. பேசிக்கொண்டே இருப்பாள். கடைக்கு வந்து எட்டு மணி நேரம் துணி பார்த்துவிட்டுக் கைக்குட்டை வாங்கிப்போனவள் கதை, மூன்று முறை கல்யாணம் நின்றுபோய் மூன்று முறையும் அதே பட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கதை. நான் சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் சுற்று தளரும். "சிரிக்காம கட்டுடி, அப்புறம் ராத்திரி பூரா கட்டு கால்ல நடந்து போகும்" என்பாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

என் கை வேலை செய்தது. எட்டு மாதம் மோசமாக இருந்த புண் சுருங்க ஆரம்பித்தது. கட்டம் போட்ட பிளாஸ்டிக் தாளைப் புண்மேல் வைத்து, ஓரத்தைப் பேனாவால் வரைந்து, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ணுவோம். அறுபத்து நாலு கட்டம் இருந்தது நாற்பதானது, இருபத்தைந்தானது, பதினொன்றானது. மாதம் ஒரு முறை அக்காவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தாள்களோடு கால் டாக்டரிடம் போவேன். அவர் தாளைப் பார்த்து, "கட்டுக்காரம்மா, ரிட்டயர் ஆகியும் என் பேரைக் காப்பாத்தறீங்க" என்றார்.

அந்த மாதம்தான் மகன் கூப்பிட்டான். பெரிய வீடு பார்த்துவிட்டானாம். அம்மாவுக்குத் தனி அறையாம், ஜன்னலுக்கு வெளியே மரமாம். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பதினாறு மணி நேரம் உட்கார்ந்தே போகிற பயணம், புண் முழுசாக மூடாமல் விமானம் ஏறக்கூடாது. இன்னும் ஆறு வாரத்தில் மூடிவிடும் என்றார். அக்கா குழந்தை மாதிரி ஆகிவிட்டாள். தினமும் நடைபாதையில் பத்து நடை. காலண்டரில் ஆறு வாரத்தையும் வட்டம் போட்டு வைத்தாள். என்னைப் பார்த்து, "நீயும் ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போயேன்டி" என்றாள். ஒரு மாதம். நான் சரி என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குத் தலைவலி. உண்மையான தலைவலிதான், அதில் பொய் இல்லை. செவ்வாய்க்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெயில் நாள். செவ்வாய் பிரித்தபோது ஃபோம் கனத்துப் போயிருந்தது, ஓரத்தில் மஞ்சள். கட்டம் எண்ணினேன். பதினைந்து. டாக்டர் பயணத்தைத் தள்ளிப் போடச் சொன்னார். அக்கா அழுதாள். நான் டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆறாமயா போயிடும்? நான் இருக்கேன்ல" என்றேன். அன்றைக்கு இரவு நான் நன்றாகத் தூங்கினேன். பல வாரங்களுக்குப் பிறகு.

அந்த ஒரு முறை தவறி நடந்தது. அதற்குப் பிறகு நடந்தவை தவறி நடந்தவை இல்லை.

என்ன செய்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டுவதில் பிரயோசனம் இல்லை. முதலில் கட்டின் நாட்களை அவ்வப்போது தள்ளிப் பார்த்தேன். ஆனால் டாக்டர் புது வகை ஃபோம் எழுதிக் கொடுத்தார், கிருமியை அடக்குகிற மருந்து கலந்தது. நல்ல சரக்கு. நாள் தள்ளினாலும் புண் அசையாமல் ஆறிக்கொண்டே வந்தது. அதனால் அக்கா காலிலிருந்து எடுத்த பழைய ஃபோமைக் குப்பையில் போடாமல் மூடி போட்ட டப்பாவில் வைத்தேன். அடுத்த கட்டில் அதிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டிப் புண்ணில் வைத்து, அதன்மேல் புதுசை வைத்தேன். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். கொஞ்சம் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். டப்பா சமையலறையில் இல்லை, துணி அலமாரியில், என் சேலைகளுக்குப் பின்னால். சுத்தம் விஷயத்தில் நான் கறார்.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். அளவு மீற நான் விடவில்லை. பதினான்கு மாதம் அந்தப் புண்ணைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். இருபது கட்டத்தைத் தாண்டினால் துண்டு வைப்பதை நிறுத்திவிட்டு ஒழுங்காக ஆற வைப்பேன். எட்டுக்குக் கீழே வந்தால் மறுபடி வைப்பேன். வேறு யாராவது செய்திருந்தால் அக்காவின் கால் நாலாம் மாதமே போயிருக்கும். ஆறுவதும் திறப்பதுமாக இருந்த புண்ணைப் பார்த்து டாக்டர் தலையைச் சொறிந்தார். துடைத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பச்சை நிறக் கிருமி என்று பதில் வந்தது. மாத்திரை கொடுத்தார். "வயசு, நரம்பு, என்ன பண்றது? உங்க தங்கச்சி மட்டும் இல்லேன்னா கால் எப்பவோ போயிருக்கும்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வலித்ததா என்று கேட்கிறீர்கள். வலித்திருக்கும். அவள் அதிகம் சொல்ல மாட்டாள். கட்டு மாற்றும்போது கதையை நடுவில் நிறுத்திவிட்டு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். நான் வலி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தேன்.

மகன் இரண்டு முறை பயணச்சீட்டை மாற்றினான். அதற்கு நடுவில் ஒருநாள் மருமகள் கூப்பிட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள். அவளுக்கு அம்மா இல்லை. "அத்தை, நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமே இருக்காது" என்றாள். நல்ல பெண். அவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை நான் சொல்ல மாட்டேன். அக்கா போனை வைத்துவிட்டுக் காலண்டரை எடுத்து மாதங்களை எண்ணினாள். மறுநாள் தன் பழைய கடைக்கு ஆட்டோ பிடித்துப் போய் மெல்லிசாகப் பருத்தித் துணி வாங்கி வந்தாள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து சின்னச் சின்னச் சட்டைகள் தைத்தாள். தையல் உள்ளே வந்தால் குழந்தைக்கு உறுத்தும் என்று எல்லாத் தையலையும் வெளிப்பக்கமாகவே போட்டாள். "நான் போய்ச் சேர்றதுக்குள்ள பொறந்துடாம இருக்கணும்டி" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வாள்.

அந்த மாதங்களில் நான் துண்டு வைப்பதை நிறுத்தினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஐந்து மாதம் ஒழுங்காகக் கட்டினேன். போகட்டும் என்றுதான் நினைத்தேன். புண் ஐந்து கட்டமானது, மூன்றானது, கடைசியில் ஒரு பயறு அளவுக்கு வந்தது. பயணத்துக்குள் மூடிவிடும் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பயணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. அக்கா சூட்கேஸை எடுத்து விரித்தாள். அலமாரியில் தன் பக்கத்தைக் காலி செய்தாள். எல்லாவற்றையும். பழைய போர்வை, தேய்ந்துபோன சால்வை, ஒன்றையும் விடவில்லை. "இதெல்லாம் எதுக்கு?" என்றேன். "அங்கயே இருந்துடப் போறேன், பின்ன எதுக்கு ரெண்டு எடத்துல சாமான்?" என்றாள். சொல்லிக்கொண்டே மடித்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கடையில் துணி மடிக்கிற அதே கை.

டப்பா அலமாரியில் என் சேலைகளுக்குப் பின்னாலேயேதான் இருந்தது. நான் அதை எறியவில்லை. ஏன் எறியவில்லை என்று நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள். ஐந்து மாதமாக மூடியே இருந்த டப்பா. உள்ளே எவ்வளவு பெருகியிருக்கும், அது என்னவாக மாறியிருக்கும் என்று முப்பத்தோரு வருஷ அனுபவம் உள்ளவளுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு பயறு அளவுப் புண்ணை அவ்வளவு சீக்கிரம் திறக்கச் சின்னத் துண்டு போதாது என்பதும் தெரியும். வெள்ளிக்கிழமை பெரிதாகவே வெட்டி வைத்தேன். அதன்மேல் புது ஃபோம். நாலு அடுக்கு. தேதி, நேரம்.

ஞாயிற்றுக்கிழமை, "எரியுதுடி" என்றாள். "ஆறும்போது அப்படித்தான் எரியும், அரிக்கும்" என்றேன். திங்கட்கிழமை லேசாகக் காய்ச்சல். மாத்திரை கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை கட்டு மாற்றுகிற நாள். மருமகள் கொண்டுவரச் சொன்ன சாமான்களைப் பற்றிப் பேச அன்றைக்கு மகன் கூப்பிடுவதாக இருந்தான். அவன் கூப்பிடும்போது கட்டு பிரித்துக் கிடந்தால் கேமராவில் பார்ப்பான், கேள்வி கேட்பான். நாளைக்குப் பிரித்தால் பயணமும் நிற்கும், கேள்வியும் இருக்காது என்று தோன்றியது. ஒரு நாள்தான். முழங்காலுக்கு மேலே சிவப்பாகக் கோடு ஏறியிருந்ததை அன்றைக்குச் சாயங்காலமே பார்த்தேன். என் வேலையில் அதைப் பார்த்த நிமிஷமே ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் அவள் நடுங்கினாள். அவள் படுத்திருந்த கட்டிலே கடகடத்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான்.

ஆஸ்பத்திரியில் என் பழைய அறைக்கு எதிரே அவசரப் பிரிவு. அங்கே இருந்த நர்ஸ், ஆள் உயரமானவள், என்னோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். கட்டை அவள்தான் பிரித்தாள். நான் பிரிக்கிறேன் என்றேன், "நீங்க உட்காருங்கக்கா" என்றாள். மேல் ஃபோமை எடுத்தாள். அதன் அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சையும் கறுப்புமாக. இடுக்கியில் எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ஊறிச் சிதைந்திருந்தாலும் நாலு மூலையும் வட்டமாக இருந்தன. அழுகின துண்டுக்குக்கூட நான் மூலை வெட்டியிருக்கிறேன், பாருங்கள். கை பாட்டுக்குச் செய்திருக்கிறது. அவள் அதை ஒரு தட்டில் தனியாக வைத்தாள். அப்புறம் மெதுவாக, "அக்கா, இது அஞ்சு நாள்ல இப்படி ஆனது இல்ல. ஆனா நீங்க வெட்டினது" என்றாள். அக்கா படுத்திருந்தது கைக்கெட்டும் தூரத்தில்.

மகன் வெள்ளிக்கிழமை வந்தான். நர்ஸ் சொன்னதைக் கேட்டு, டப்பாவை அலமாரியிலிருந்து தேடி எடுத்தவன் அவன்தான். மூடிமேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இடது கால், உட்பக்கம், தேதி, நேரம், ஒவ்வொரு முறை எடுத்ததற்கும் ஒரு வரி. மொத்தம் இருபத்தாறு வரி. என் கையெழுத்து நன்றாக இருக்கும், படிக்கச் சிரமம் இருந்திருக்காது. "சித்தி, வேலியே பயிரை மேயும்னு சொல்வாங்க, கேட்டிருக்கேன்" என்றான். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அவனைத் தூக்கி வளர்த்தவள் இல்லை நான். ஆனாலும் அவன் முதுகு குலுங்கியதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அக்கா சனிக்கிழமை விடியற்காலையில் போனாள். புதன்கிழமையே காலை எடுத்துப் பார்த்தார்கள், முழங்காலுக்கு மேலே. அதற்குள் ரத்தத்தில் கலந்துவிட்டது. அவள் போன ஐந்தாம் நாள் அங்கே பெண் குழந்தை பிறந்தது. தகப்பன் இங்கே இருந்தான். பதினேழு சட்டைகளையும் அவன் எடுத்துக்கொண்டு போனான் என்று கேள்விப்பட்டேன்.

செய்தது நான்தான். வேறு யாருக்கும் தெரியாது, யாரும் உதவவில்லை. டாக்டரை ஒன்றும் கேட்காதீர்கள், அவர் என்னை நம்பியதைத் தவிர வேறு தப்புச் செய்யவில்லை. சாகடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. இருக்க வைக்க நினைத்தேன். அங்கே போனால் அவளைச் சரியாகப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, மருமகளுக்குக் குழந்தையே சரியாக இருக்கும், இவள் ஒரு மூலையில் கிடப்பாள். அவள் நல்லதற்காகத்தான் செய்தேன். அவளைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த உயரமான நர்ஸ் சொல்லியிருப்பாள், அவள் அங்கேதான் நின்றாள். காலை எடுக்க உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அக்கா கண் விழித்தாள். மணி என்ன என்று கேட்டாள். மகன் எந்த விமானத்தில் வருகிறான், எப்போது வந்து இறங்குவான் என்று கேட்டுவிட்டு, அங்கே மணி இப்போது என்ன என்று தானே விரலில் எண்ணிச் சொன்னாள். மருமகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், இந்த நேரத்தில் அவள் பயப்படக்கூடாது என்றாள். அப்புறம் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"குட்டி, போகாதக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. நான் போயிருக்கவே மாட்டேன்."

அப்போது அவளுக்குக் காய்ச்சல் நூற்று நாலு. அந்தச் சூட்டில் எத்தனையோ பேர் எதையெதையோ பேசி நான் கேட்டிருக்கிறேன். அதையெல்லாம் நாங்கள் குறிப்பில் ஏற்றுவதில்லை. நீங்களும் இதை மட்டும் எழுத வேண்டாம்.